பிரிட்டனில் சாரிட்டி ஷாப்: துணி வாங்கும் முன் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

செப்டம்பரில் படிக்க வரும் பிள்ளைகளும், வேலை விசாவில் குடும்பத்தோடு வருகிறவர்களும் அக்டோபர் பிறந்ததும் குளிருக்கு என்ன வாங்குவது என்று கேட்கத் தொடங்குவார்கள். சாரிட்டி ஷாப்புக்கு, அதாவது பிறர் கொடுத்த பழைய பொருட்களைத் தொண்டு நிறுவனம் விற்கும் கடைக்கு, போங்கள் என்பேன். அதிலிருந்து அடுத்தடுத்து கேள்விகள் கிளம்பும். அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்தான் இவை. விலைச்சீட்டையும் பிராண்டையும் பார்க்கும் முன் துணியைத் தொட்டுப் பாருங்கள் என்பதை எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். நல்ல துணியைக் கையால் தொட்டுப் பழகுவதற்கு இந்த நாட்டில் சாரிட்டி ஷாப்பைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இது ஏழைகளுக்கான கடையா? சம்பாதிக்கிற நான் அங்கே வாங்கினால் இன்னொருவருக்குப் போக வேண்டியதைப் பறித்ததாகாதா?

ஆகாது. இது இலவசமாகத் துணி வழங்கும் இடமில்லை, கடைதான். ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத உடை, புத்தகம், பாத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தொண்டு நிறுவனம் அதை விற்று, வாடகையும் சம்பளமும் போக மிஞ்சுவதைத் தன் வேலைக்குச் செலவிடுகிறது. நீங்கள் வாங்கினால்தான் அந்தப் பணம் வரும். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் கடையில் வாங்கினால் இதயநோய் ஆராய்ச்சிக்கும், கேன்சர் ரிசர்ச் யூகே கடையில் வாங்கினால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும், ஷெல்டரில் வாங்கினால் வீடற்றவர்களுக்கும் போகும். சிறிய ஊர்களில் அந்தந்த வட்டாரத்து ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லம், தனக்கென்று கடை வைத்திருக்கும். தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸின் கடைகளைப் பார்க்கலாம். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் தொடங்கிய இல்லம் அது.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். ஆக்ஸ்ஃபாம் 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில், கிரேக்க நாட்டுப் பஞ்சத்துக்கு உதவத் தொடங்கிய ஒரு குழு. போர் முடிந்த சில ஆண்டுகளில் அதே ஊரின் பிராட் தெருவில் நிரந்தரமாக ஒரு கடை போட்டார்கள். 1951இல் பீகார் பஞ்சத்துக்கும் அவர்கள் உதவி வந்தது. இன்று நாடு முழுக்க பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாரிட்டி ஷாப்கள் இருக்கின்றன. அரசும் தாங்கிப் பிடிக்கிறது. நன்கொடையாக வந்த பொருளை விற்பதற்கு வாட் வரி பூஜ்யம். கடைக் கட்டடத்துக்குக் கட்டும் வரியில் 80 சதவீதம் தள்ளுபடி.

உங்கள் வீட்டு வேலைக்காரரோ மேலதிகாரியோ, யாரும் அங்கே வருவார்கள். பேராசிரியர்களும் டாக்டர்களும் ஹேங்கர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நிற்பது இங்கே சாதாரணக் காட்சி.

யாரோ உடுத்திய துணி. செத்தவர்கள் துணியாகக்கூட இருக்கலாமே?

இருக்கலாம். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை. ஒருவர் இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டை ஒழித்து, அலமாரியில் இருந்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவது இங்கே வழக்கம். அம்மாவின் கோட்டு வீணாகாமல் யாரோ ஒருவரின் குளிரைப் போக்கட்டும், அதில் வரும் பணம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்கே போகட்டும் என்று கொடுப்பவர்கள் நிறையப் பேர். நம் ஊரில் இறந்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுவோம். இங்கேயும் கொடுத்துத்தான் விடுகிறார்கள். வாங்கிக்கொள்ளும் இடத்தில் நாம் இருக்கிறோம் என்பதுதான் நமக்குப் புதிது.

நமக்குப் பிறர் துணி புதிதல்ல. அக்காவின் பாவாடை தங்கைக்கு, சித்தப்பாவின் சட்டை அண்ணன் மகனுக்கு என்று வளர்ந்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். தெரிந்தவர் உடம்பு, தெரியாதவர் உடம்பு என்ற வேறுபாடுதான் மனதை உறுத்துகிறது. அந்த உறுத்தல் இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேலே போடும் கோட்டு, ஜாக்கெட், மப்ளர் என்று தொடங்குங்கள். உடம்போடு ஒட்டும் துணியைப் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குளிர்காலம் போட்டுப் பழகினால் மனம் தானாக இளகிவிடும். இளகாவிட்டாலும் குறையில்லை.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டால் உண்மையைச் சொல் என்றேன். பதினைந்து பவுண்டில் முழுக் கம்பளிக் கோட்டு வாங்கும் மகளை நினைத்து வருத்தப்பட எந்த அம்மாவுக்கும் காரணம் இல்லை.

துவைத்து வைத்திருப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. துவைத்த துணியைத்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கடையின் பின்கட்டில் தன்னார்வலர்கள் தரம் பிரித்து, நீராவி இயந்திரத்தால் சுருக்கம் நீக்கி, விலைச்சீட்டு குத்தித் தொங்கவிடுகிறார்கள். ஆகவே வீட்டுக்கு வந்ததும் நீங்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பருத்தி, லினன் என்றால் லேபிள் அனுமதிக்கும் சூட்டில் மெஷினில் போடுங்கள். 60 டிகிரி தாங்கும் துணியில் மூட்டைப்பூச்சியோ அதன் முட்டையோ பிழைக்காது. கம்பளியை அப்படிச் செய்தால் சுருங்கிக் குழந்தைச் சட்டையாகிவிடும். அதற்கு வேறு வழி உண்டு. நன்றாகக் கட்டிய பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீஸரில், மைனஸ் 18 டிகிரியில், இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுவும் முட்டையும் செத்துவிடும். பிறகு கம்பளிக்கென்று விற்கும் சோப்புத் திரவத்தில், வெதுவெதுப்புக்கும் குறைந்த தண்ணீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் போட்டு உலர்த்த வேண்டும். ஹேங்கரில் மாட்டினால் ஈரக் கனத்தில் தோள் தொங்கிப்போகும்.

கோட்டுக்கு டிரை கிளீனிங் நல்லது. அந்தச் செலவையும் கோட்டு விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைக்குள் போனதும் எதைப் பார்ப்பது? எல்லாம் குவியலாகத் தெரிகிறது.

கண்ணை விட்டுவிட்டு கையால் தொடங்குங்கள். ரேக்கின் ஒரு முனையிலிருந்து துணிகளின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் கைக்கு வழுக்கலாகவோ, கிறீச்சென்றோ படும். கம்பளிக்கு ஒரு கனமும் உள்சூடும் இருக்கும். லினன் குளிர்ச்சியாகவும் சற்றே முரடாகவும் இருக்கும். பட்டு நம் கைக்கு ஏற்கெனவே தெரியும். கை நின்ற இடத்தில் துணியை வெளியே எடுத்து உள்ளே இருக்கும் லேபிளைப் படித்து, நினைத்தது சரியா என்று பாருங்கள். சில வாரங்களில் லேபிள் பார்க்காமலே சொல்ல வந்துவிடும். காஞ்சிபுரத்துச் சேலையைத் தொட்டே எடை சொல்லும் பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது வராமல் போகாது.

பிடித்ததை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போங்கள். கடை விளக்கில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும், கறையும் மறையும். வெளிச்சத்துக்கு நேரே துணியைத் தூக்கிப் பிடித்தால் அந்து அரித்த ஊசித்துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒரு துளை இருந்தால் இன்னும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை, பேன்ட்டின் தொடை இடுக்கு இரண்டும் நைந்து மெலிந்திருக்கிறதா என்பதும் அதே வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து அக்குள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் படிந்திருந்தால் வைத்துவிடுங்கள், எந்தச் சோப்பும் அதை முழுதாக எடுக்காது. காலர் மடிப்பையும் கை நுனியையும் திருப்பிப் பாருங்கள். ஜிப்பை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டுங்கள். பட்டன் ஒன்று குறைந்தால் கவலையில்லை. உள்தையல் ஓரத்தில் உபரிப் பட்டன் தைத்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் முழு வரிசையையும் மாற்றிவிடலாம். காஜா கிழிந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

பிறகு துணியை உள்பக்கம் வெளியாகத் திருப்புங்கள். என் அனுபவத்தில் ஒரு உடையின் யோக்கியதை அங்கேதான் தெரியும். கட்டம் போட்ட துணியில் தையலின் இரண்டு பக்கமும் கட்டம் கோட்டோடு கோடு சேர்ந்திருக்கிறதா? தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறதா, இல்லை ஓவர்லாக் அடித்து ஒட்ட நறுக்கியிருக்கிறதா? துணி விட்டிருந்தால் நாளைக்குப் பிரித்துத் தைத்துப் பெரிதாக்கலாம். லைனிங் தனியாகத் தொங்குகிறதா, கோட்டின் ஓரத்தோடு சேர்த்து மடித்துத் தைத்திருக்கிறதா? இவ்வளவும் சரி என்றால் யார் தயாரித்தது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

முகர்ந்தும் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், எல்லாரும் செய்கிறார்கள். பாச்சை உருண்டை வாசம் சில நாள் வெளியில் காயப்போட்டால் போய்விடும். சிகரெட் வாசம் எளிதில் போகாது. ஈர நெடி அடித்தால் பூஞ்சை பிடித்திருக்கும், வேண்டாம்.

குளிருக்கு எந்த மாதிரி கோட்டு எடுப்பது?

இந்த நாட்டுக் குளிரில் பாதி ஈரமும் காற்றும்தான். ஒரே தடித்த ஜாக்கெட்டில் தப்பித்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள், ரயிலுக்குள் வேர்த்து வெளியில் நடுங்குகிறார்கள். உள்ளே மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், மேலே கோட்டு, மழைக்குத் தனியாக ஒரு வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட். மூன்றையும் சாரிட்டி ஷாப்பில் எடுக்கலாம்.

கம்பளிக் கோட்டில் லேபிளைப் படியுங்கள். எழுபது சதவீதத்துக்கு மேல் கம்பளி இருந்தால் நல்லது. முப்பது சதவீதம் கம்பளி, மீதி பாலியஸ்டர் என்றால் பார்வைக்கு மட்டும்தான் கம்பளி. தோள் சரியாக உட்கார வேண்டும். கை நீளத்தையும் ஓரத்தையும் தையல்காரர் குறைத்துவிடுவார். தோளைத் திருத்துவது என்றால் கோட்டையே பிரித்துக் கட்டுகிற வேலை. உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள், இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தால் முதுகு இழுக்கிறதா என்பது தெரியும்.

இறகு நிரப்பிய ஜாக்கெட்டைக் கையால் அழுத்தி விடுங்கள். மெல்ல உப்பி எழுந்தால் உயிர் இருக்கிறது. அங்கங்கே கட்டியாகத் திரண்டிருந்தால் தவறாகத் துவைத்திருக்கிறார்கள். வாட்டர்ப்ரூஃபில் உள்பக்கத் தையல்களின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை உரிந்து வருகிறதா பாருங்கள். உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டினால் அதன் பூச்சு கெட்டுவிட்டது. அதை யாரும் சரிசெய்ய முடியாது.

சைஸ் குழப்பமாக இருக்கிறது. 12 என்று எடுத்தால் ஒன்று தொளதொள, ஒன்று ஏறவே இல்லை.

லேபிள் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே ரேக்கில் பிரிட்டன், ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் கலந்திருக்கும். பெண்களுக்கான பிரிட்டன் 12 என்பது ஐரோப்பாவில் 40, அமெரிக்காவில் 8. அதோடு பழைய உடைகளின் எண் இன்றைய எண்ணைவிடச் சிறியது. முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்தைய 14 இன்றைய 14ஐவிட இறுக்கமாக இருக்கும். தையல் டேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையை வீட்டில் தட்டையாக வைத்து அக்குளுக்கு அக்குள் அளந்து குறித்துவைத்தால், ட்ரையல் ரூம் இல்லாத கடையிலும் கவலையில்லை.

ஆண்களின் கோட்டில் மார்பளவு அங்குலத்தில் இருக்கும், பக்கத்தில் ஷார்ட், ரெகுலர், லாங் என்று போட்டிருக்கும். ஐந்தடி ஏழு அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் ஷார்ட் தேடுங்கள். ஐரோப்பிய அளவில் 50 என்றால் இங்கே 40.

இன்டர்வியூவுக்கு சூட் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரு முறை போட்டுக் கழற்றிய சூட்கள் நிறைய வருகின்றன. பேன்ட்டின் பின்புறம் மினுமினுப்பு ஏறியிருந்தால் நிறைய உட்கார்ந்து எழுந்த சூட், விட்டுவிடுங்கள். இடுப்பைப் பிடிக்கவும் கால் நீளத்தை மடிக்கவும் தையல்காரரிடம் கொடுங்கள். ஈஸ்ட் ஹாம், சவுத்தால், டூட்டிங் பக்கம் நம் துணைக்கண்டத்துத் தையல்காரர்கள் நிறைய.

விலை எவ்வளவு இருக்கும்? மலிவு விலைத் துணிக்கடையான ப்ரைமார்க்கில் புதுசே அதைவிட மலிவாக இருக்கிறதே?

கடைக்குக் கடை மாறும். சாதாரண ஊர்களில் டி-ஷர்ட் மூன்று நான்கு பவுண்டு, சட்டை ஐந்து ஆறு, ஸ்வெட்டர் ஐந்திலிருந்து பத்து, கோட்டு பன்னிரண்டிலிருந்து முப்பது வரை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். தெரிந்த பிராண்டு என்றால் ஏற்றிப் போடுவார்கள்.

ப்ரைமார்க் பற்றிய கேள்வி நியாயமானது. புதிதாக நான்கு பவுண்டுக்கு விற்ற டி-ஷர்ட்டை, இரண்டாம் கையில் நான்கு பவுண்டு போட்டிருப்பதை நானும் பார்க்கிறேன். அதை வாங்காதீர்கள். மலிவான புதுத்துணி எதுவோ அதையே பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. புதிதாக வாங்க முடியாததை இங்கே தேடுங்கள். காஷ்மீர் ஸ்வெட்டர், லினன் சட்டை, பட்டு பிளவுஸ், லைனிங் வைத்த கம்பளிப் பாவாடை. கடையில் நூறு பவுண்டுக்கு விற்கும் தரத்தைப் பத்துப் பவுண்டுக்கு எடுக்கும்போதுதான் சாரிட்டி ஷாப் உங்களுக்கு உதவுகிறது. ஒரு நல்ல கம்பளி ஸ்வெட்டர் பத்து குளிர்காலம் உழைக்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் முன்னோர். கசக்கிக் கசக்கிக் கட்டினாலும் தாங்குகிற துணியைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே நம் வேலை.

பேரம் பேசலாமா?

வேண்டாம். அது தொண்டுக்குப் போகும் பணம், கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர், விலையை மாற்றும் உரிமையும் அவருக்கு இருக்காது. விலைச்சீட்டில் சொல்லாத கிழிசலோ கறையோ கண்டால் மேனேஜரிடம் மரியாதையாகக் காட்டுங்கள், அவரே குறைத்துக் கொடுப்பதுண்டு. பல கடைகளில் ஒரு பவுண்டு ரேக் என்று தனியாகவே இருக்கும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

மனம் மாறிவிட்டது, அளவு சரியில்லை என்பதற்காகத் திருப்பி எடுக்க எந்தக் கடைக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. பல சாரிட்டி ஷாப்கள் ரசீது இருந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள், சீட்டு கழற்றாமல் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கின்றன. கல்லாவில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆனால் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்கலாம். வாங்கும் முன் காட்டப்பட்ட குறையையும், நீங்கள் பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறையையும் சொல்லிப் பணம் கேட்க முடியாது. அந்த நிறுவனங்களின் ஆன்லைன் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு.

எந்த ஊர், எந்தக் கடை, எந்த நேரம்?

பணக்காரப் பகுதிகளுக்குப் போங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், அது ஓரளவு உண்மை. லண்டனில் செல்சியின் ஓல்ட் சர்ச் தெருவில் இருக்கும் செஞ்சிலுவைச் சங்கக் கடை உயர்ரக உடைகளுக்குப் பெயர்போனது. மேரிலபோன், பிரிம்ரோஸ் ஹில் பக்கமும் அப்படித்தான். ஆனால் அங்கே விலையும் அந்தப் பகுதிக்கு ஏற்றபடி இருக்கும், பார்த்து பார்த்து விலை போடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஓய்வு பெற்றவர்கள் நிறைய வாழும் சிற்றூர்கள், கடற்கரை ஊர்கள். அந்தத் தலைமுறை நல்ல துணியை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த தலைமுறை. எடின்பரோவின் ஸ்டாக்பிரிட்ஜ் மாதிரி ஒரே தெருவில் வரிசையாகக் கடைகள் உள்ள இடமென்றால் ஒரு நடையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். லண்டனில் ட்ரெய்ட் கடைகள் உடைக்கென்றே இருப்பவை.

வாரநாள் காலையில் கூட்டம் குறைவு. ஜனவரியில் பண்டிகைப் பரிசுகளும் ஒழித்த அலமாரிகளும் வந்து சேரும். பல்கலைக்கழக ஊர்களில் ஜூன், ஜூலையில் ஊர் திரும்பும் மாணவர்கள் விட்டுச்செல்வது குவியும். கோட்டுகளை இலையுதிர்காலத்தில்தான் வெளியே எடுத்துத் தொங்கவிடுவார்கள், அதனால் செப்டம்பர் இறுதியில் போய்விடுங்கள். முதல் குளிர் அடித்த பிறகு போனால் நல்லவை போயிருக்கும். ஒரே கடைக்கு அடிக்கடி போங்கள். பல கடைகளில் ஒரு துணிக்கு இரண்டு மூன்று வாரம்தான் இடம். விலைச்சீட்டில் இருக்கும் வார எண் அதற்குத்தான்.

பழைய லேபிளைப் பார்த்து எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். 'செயின்ட் மைக்கேல்' என்று போட்டிருந்தால் அது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பழைய உடை. 1928இலிருந்து இருந்த அந்தப் பெயரை 2000இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்த லேபிள் உள்ள ஸ்வெட்டருக்குக் குறைந்தது கால் நூற்றாண்டு வயது. இவ்வளவு காலம் உருக்குலையாமல் வந்தது இன்னும் பல வருடம் வரும். நான் தயங்காமல் எடுப்பவற்றில் இது முதல்.

சிலுவை ஏந்திய உருண்டை முத்திரை இருந்தால் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில், தீவுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். 1993இல் நாடாளுமன்றம் அதற்கென்றே சட்டம் போட்டது. கைத்தறி என்றால் என்னவென்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் அதைத் தொட்டவுடன் புரிந்துகொள்வார்கள். பார்பர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மெழுகு பூசிய ஜாக்கெட்டில், லேபிளில் இருக்கும் அரச முத்திரைகளை எண்ணுங்கள். 1974, 1982, 1987 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை, வயதைக் கணிக்க உதவும். அதை வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மெழுகு போய்விடும்.

எதை வாங்கவே கூடாது?

செயற்கைத் தோல் ஜாக்கெட், பொடிப்பொடியாக உரியும். பல வருடம் அடைந்து கிடந்த ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகம் நடக்கும்போதே நொறுங்கலாம், வளைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். எலாஸ்டிக் தளர்ந்த நீச்சலுடை. "மெலிந்த பிறகு போடலாம்" என்று தோன்றும் எதுவும்.

குழந்தைகளுக்கு?

தாராளமாக. குழந்தைகள் துணி கிழிவதற்குள் வளர்ந்துவிடுகிறார்கள், ஆகவே புதுக்கருக்கு மாறாமல் கிடைக்கும். ஒன்றிரண்டு பவுண்டுதான். குளிர் ஜாக்கெட், பூட்ஸ், பள்ளிச் சீருடை மூன்றையும் முதலில் இங்கே தேடுங்கள். பழைய ஜாக்கெட்டின் தலைமூடியில் இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் வாங்க வேண்டாம். கழுத்தைச் சுருக்கும் ஆபத்துக்காக 1976லேயே குழந்தைகள் உடையில் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

விற்காத துணி என்ன ஆகிறது?

வாங்குபவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கடையில் தொங்கும் அளவுக்குத் தேறாததும், தொங்கியும் போகாததும், கிலோ கணக்கில் பழந்துணி வியாபாரிகளுக்குப் போகிறது. ஆக்ஸ்ஃபாம் 1974இலிருந்து யார்க்ஷயரில் வேஸ்ட்சேவர் என்ற பெயரில் தானே தரம் பிரிக்கிறது. மற்றவர்களின் துணி பெரும்பாலும் பொதி பொதியாகக் கிழக்கு ஐரோப்பாவுக்கும், பாகிஸ்தானுக்கும், ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. கானா நாட்டின் அக்ரா நகரில் கான்டமான்டோ என்ற பெரும் சந்தை இதற்கென்றே இருக்கிறது. அங்கே பெண்கள் கனத்த பொதிகளைத் தலையில் சுமக்கிறார்கள். பொதியைப் பிரிக்காமலே விலை கொடுத்து வாங்கும் சிறு வியாபாரிக்கு, உள்ளே கிழிசலும் கறையும் இருந்தால் முதலே போய்விடும். தேறாதது கடற்கரையிலும் வாய்க்காலிலும் சேருகிறது. 2025 ஜனவரியில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தது.

நம் நாட்டுக்கும் வருகிறது. ஹரியானாவின் பானிபட்டில் வெளிநாட்டுக் கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, பட்டனையும் ஜிப்பையும் வெட்டி எடுத்து, நார் நாராகக் கிழித்து மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர்க் காலத்தில் நிவாரணமாக வழங்கும் போர்வைகளில் பல அங்கே நெய்தவை.

இதனால்தான் சாரிட்டி ஷாப்பையும் கண்மூடித்தனமான ஷாப்பிங்காக மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலிவு என்பதற்காக ஐந்து பை வாங்கி, ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்தால் அதன் பாரத்தை கடைசியில் அக்ராவில் ஒரு பெண் தலையில் ஏற்றுகிறோம்.

மாணவர் விசாவில் இருப்பவர் சாரிட்டி ஷாப்பில் தன்னார்வலராக இருக்கலாமா?

பொதுவாக முடியும், நல்ல அனுபவமும்கூட. ஆங்கிலம் பேசப் பழகும், ஊர்க்காரர்களோடு அறிமுகம் கிடைக்கும், துணியும் கைக்குப் பழகும். ஆனால் விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டாயக் கடமைகளோ ஒப்பந்தமோ இல்லாத தன்னார்வச் சேவை ஒன்று, சம்பளமில்லாவிட்டாலும் வேலையாகவே கருதப்படுவது இன்னொன்று. இரண்டாவது வகை வாராந்திர வேலை நேர வரம்பில் சேரும். கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஊர் திரும்புகிறோம். எங்கள் துணியை, சேலைகளை அங்கே கொடுக்கலாமா?

கொடுங்கள். துவைத்து, காயவைத்து, மடித்து, கடை திறந்திருக்கும் நேரத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இரவில் வாசலில் வைத்துவிட்டுப் போனால் மழையில் நனையும், யாராவது கிளறிப் போடுவார்கள், குப்பை கொட்டிய குற்றமாகவும் ஆகும். கிழிந்ததைத் தனிப் பையில் போட்டு 'rags' (கந்தல்) என்று ஆங்கிலத்தில் எழுதி, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுக்கலாம். கதவுக்குள் தள்ளிவிட்டுப் போகும் நன்கொடைப் பைகளில் தொண்டு நிறுவனத்தின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், அவற்றைப் பதிவு செய்யும் அமைப்பான சாரிட்டி கமிஷனின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தொண்டு நிறுவனத்தின் பெயரை வைத்துத் தனியார் வியாபாரம் நடத்துகிறவர்களும் உண்டு.

கொடுக்கும்போது 'கிஃப்ட் எய்ட்' படிவம் நிரப்பச் சொல்வார்கள். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் நிரப்புங்கள். உங்கள் துணி விற்று வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூடுதலாகத் தரும், உங்களுக்குச் செலவில்லை. வரி கட்டாத மாணவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேலையைப் பொறுத்தவரை, ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்ப்ளி, இல்ஃபோர்ட் மாதிரி நம்மவர்கள் வாழும் பகுதியில் கொடுங்கள். மற்ற இடங்களில் அதைத் திரைச்சீலைத் துணி என்று நினைத்து விலை போட்டுவிடுவார்கள். பிளவுஸையும் சேலையையும் ஒரே பையில் வைத்து, பட்டா, பருத்தியா, எத்தனை மீட்டர் என்று ஒரு சீட்டு எழுதிக் குத்துங்கள்.